கொம்போஸ்தேலாவுக்குப் போவதற்கான காரணங்கள்: ஒரு திறனாய்வு

திருத்தலங்களைப் பற்றி நம்மவர் எழுதுவன பெரும்பாலும் இரு வகையாக அமைகின்றன. ஒன்று புகழ்மாலை, மற்றொன்று பயணக் குறிப்பு. முதலாவது அத்தலத்தின் புதுமைகளை வரிசைப்படுத்தும். இரண்டாவது அங்கு உண்ணவும் உறங்கவும் வழி சொல்லும். ஒரு திருத்தலத்தை ஒரு நூலைப்போல் விரித்து, அது என்ன சொல்கிறது, சொல்வதில் எது நற்செய்தியோடு பொருந்துகிறது, எது முரண்படுகிறது என்று வாசித்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே குறைவு. அத்தகைய வாசிப்புக்கு மிகவும் தகுதியுடைய நகர் ஒன்று உண்டு. ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில், கலீசியா மாநிலத்தில், மழையில் கருத்த கருங்கற்களால் எழுந்து நிற்கும் சந்தியாகோ டி கொம்போஸ்தேலாவே அது.

எருசலேமுக்கும் உரோமைக்கும் அடுத்த நிலையில் இடைக்கால ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் நாடிச் சென்ற பெரும் திருப்பயண நகர் இது. செபதேயுவின் மகனும் யோவானின் உடன்பிறப்புமான திருத்தூதர் பெரிய யாக்கோபின் கல்லறை இங்கு உள்ளதென்பது மரபு. இந்நகருக்கு ஏன் போகவேண்டும் என்ற வினாவுக்குக் கடந்த ஒன்பது நூற்றாண்டுகளாகப் பலர் விடை எழுதியுள்ளனர். அவ்விடைகளுள் சிலவற்றை ஈண்டு எடைபோட முயல்வோம்.

பழைய கையேடு

இவ்வினாவுக்கு எழுந்த விடைகளுள் மூத்ததும் முழுமையானதும் 12 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கலிக்ஸ்துவின் ஏடு ஆகும். திருத்தந்தை இரண்டாம் கலிக்ஸ்து எழுதியதாக அது தன்னைக் காட்டிக்கொள்கிறது; எனினும் அறிஞர்கள் அதனை ஏற்பதில்லை. ஐந்து பகுதிகள் கொண்ட அவ்வேட்டின் கடைசிப் பகுதியே திருப்பயணியின் வழிகாட்டி. எமெரிக் பிக்கோ என்னும் பிரெஞ்சுக் குருவின் கைவண்ணம் அது எனப் பலர் கருதுவர். 2011 ஜூலையில் பேராலயக் காப்பகத்திலிருந்து இவ்வேடு திருடப்பட்டதும், ஓராண்டு கழித்து மீட்கப்பட்டதும் உலகறிந்த செய்தி.

இந்த வழிகாட்டியை வாசிப்போர் அதன் சுவையில் மயங்காதிருத்தல் அரிது. எந்த ஆற்றின் நீர் குடிக்கத் தக்கது, எந்த ஆற்றின் நீர் குதிரையைக் கொல்லும், எந்தத் துறையில் ஓடக்காரர் பயணியை ஏமாற்றுவர் என்றெல்லாம் அது எச்சரிக்கிறது. பேராலயத்தின் நீளத்தையும் அகலத்தையும் மனித உயரத்தால் அளந்து சொல்கிறது. கதவுகளையும் பீடங்களையும் சிற்பங்களையும் பெயர் சொல்லிக் காட்டுகிறது. பார்த்தவன் எழுதிய எழுத்து என்பது ஒவ்வொரு பக்கத்திலும் புலனாகிறது.

ஆனால் அதே ஆசிரியர், வழியில் கண்ட மக்களைப் பற்றிப் பேசும்போது நம்மை முகம் சுளிக்கச் செய்கிறார். தம் நாட்டவராகிய புவாத்தூ மக்களை வீரரென்றும் விருந்தோம்புபவரென்றும் போற்றுகிறவர், பாஸ்குகளையும் நவாராவினரையும் விலங்கினும் கீழானோராகச் சித்திரிக்கிறார். அவர்களுடைய உணவு, உடை, பேச்சு ஆகிய அனைத்தும் அவருக்கு இழிவாகவே தோன்றுகின்றன. ஆயிரம் கல் தொலைவு நடந்தும் தம் ஊரை விட்டு வெளியேறாத மனத்தை இங்குக் காண்கிறோம்.

வழிகாட்டியின் இறுதி இயல் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. திருப்பயணியை ஏற்றுக்கொள்ளாதோர் அடைந்த தண்டனைகளை அது கதைகளாகக் கூறுகிறது. சூடான சாம்பலடியில் அப்பத்தை வைத்துக்கொண்டே இல்லையென்று மறுத்த பெண்ணொருத்தி, பயணி சென்றபின் சாம்பலைக் கிளறியபோது அங்கே உருண்டைக் கல்லைக் கண்டாளாம். புவாத்தியே நகரின் தெருவொன்றில் இரு பயணிகள் வீடு வீடாய்த் தங்க இடம் கேட்டு மறுக்கப்பட்டனர். கடைசி வீட்டில் ஓர் ஏழை அவர்களை ஏற்றான். அன்றிரவே தீப்பற்றி, அந்த வீடு நீங்கலாக அவர்களை மறுத்த வீடுகளெல்லாம் எரிந்தனவாம்.

விருந்தோம்பலை வலியுறுத்தும் நல்ல நோக்கம் இதில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நற்செய்தியை அறிந்த வாசகர்க்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழவேண்டும். லூக்கா ஒன்பதாம் அதிகாரத்தில் இதே போன்றதொரு நிகழ்ச்சி வருகிறது. எருசலேம் நோக்கிச் செல்லும் ஆண்டவரை ஏற்க ஒரு சமாரிய ஊர் மறுக்கிறது. வானத்திலிருந்து தீ இறங்கி அவ்வூரை அழிக்க நாங்கள் சொல்லலாமா என்று சீடர் இருவர் கேட்கின்றனர். அவ்விருவர் யோவானும் இதே யாக்கோபும்! ஆண்டவர் திரும்பி அவர்களைக் கடிந்துகொள்கிறார். பின்னர் அமைதியாக வேறோர் ஊருக்குச் செல்கின்றனர். யாக்கோபு எந்த ஆசைக்காகக் கண்டிக்கப்பட்டாரோ, அதே ஆசையை அவருடைய திருத்தலத்தின் கையேடு அவருடைய பெயராலேயே நிறைவேற்றி மகிழ்கிறது. கொம்போஸ்தேலாவின் வரலாறு முழுவதையும் திறக்கும் சாவி இந்த முரண்பாட்டில் உள்ளதென்பது நம் கருத்து.

கல்லறை

போவதற்குச் சொல்லப்படும் முதற்காரணம் கல்லறையே. 9 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெலாயோ என்னும் தவசி இரவில் ஒளிகளைக் கண்டார் என்றும், இரியா பிளாவியாவின் ஆயர் தெயோதோமீரோ கல்லறையைக் கண்டறிந்தார் என்றும், அஸ்தூரியாஸ் மன்னர் இரண்டாம் அல்போன்சோ அங்கு முதற்கோயிலை எழுப்பினார் என்றும் மரபு கூறும். கொம்போஸ்தேலா என்னும் பெயரை விண்மீன் வயல் என்று சிலரும், புதைவிடம் என்று சிலரும் பொருள்கொள்வர்.

வரலாற்றாசிரியர்களின் தடைகள் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. யாக்கோபு ஸ்பெயினில் போதித்தார் என்னும் செய்தி ஏழாம் நூற்றாண்டை ஒட்டியே எழுத்தில் தென்படத் தொடங்குகிறது. அவர் எருசலேமில் ஏரோதுவின் ஆணையால் வாளுக்கு இரையானதை மட்டுமே திருத்தூதர் பணிகள் நூல் அறியும். மறுபுறம், பேராலயத்தின் அடியில் நடந்த அகழ்வில் உரோமையர் காலத்துப் புதைகாடு வெளிப்பட்டது. ஆயர் தெயோதோமீரோ என்று ஒருவர் வாழ்ந்ததே கட்டுக்கதை என்று சிலர் எண்ணியிருந்த நிலையில், 1955-இல் அவருடைய கல்லறைக் கல்லே கிடைத்தது. அவர் இறந்த ஆண்டு 847 என்று அதில் பொறிக்கப்பட்டிருந்தது. 1589-இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவன் டிரேக்கின் தாக்குதலுக்கு அஞ்சி மறைத்து வைக்கப்பட்ட எலும்புகள், இடமறியாது போய், 1879-இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. 1884-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அவற்றைத் திருத்தூதருடையன என அறிவித்தார்.

ஆகவே, கல்லறையை ஐயமறத் தெளிந்து கொள்வதற்காகப் போகிறோம் என்பவர் ஏமாற்றமடையக் கூடும். அகழ்வாய்வு ஆயரின் கல்லறையை உறுதிசெய்யலாம். திருத்தூதரின் எலும்பை உறுதிசெய்ய அதனால் இயலாது. நம் விசுவாசமும் அவ்வெலும்புகளின் மீது கட்டப்பட்டதன்று. ஆயினும் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக மனிதர் அங்கு முழந்தாளிட்டு அழுதனர், மன்னிப்புப் பெற்றனர், கடன் தீர்த்தனர் என்பது உறுதியான வரலாறு. பெட்டகத்தின் முன் நிற்பவர் அந்த நீண்ட மன்றாட்டின் வரிசையில் தாமும் ஓர் ஆளாய் நிற்கிறார். நம்மைப் பொறுத்தவரை இக்காரணம் போதுமானது.

குதிரை மீது வந்தவர்

கொம்போஸ்தேலாவுக்குச் செல்வோர் இரண்டு யாக்கோபுகளைச் சந்திப்பர். ஒருவர் தொப்பியும் கோலும் சிப்பியும் தாங்கிய திருப்பயணி. மற்றவர் வெண்குதிரை மீதமர்ந்து, வாளை ஓங்கி, காலடியில் இசுலாமியரை மிதித்துச் செல்லும் போர்வீரர். இரண்டாமவருக்கு ஸ்பானியர் இட்ட பெயர் மூர்களைக் கொல்பவர் என்பதாகும்.

844-இல் கிளாவிகோ என்னுமிடத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் போரில் திருத்தூதர் இவ்வாறு தோன்றினாராம். அக்காலத்து எழுத்துகளில் அப்போருக்குச் சான்றில்லை. வரலாற்றாசிரியர்கள் அதனைக் கதையென்றே கொள்வர். கதையை நிலைநிறுத்திய பட்டயம் 12 ஆம் நூற்றாண்டில் புனையப்பட்டது. அதன் வலிமையால் உழவர்களிடமிருந்து பேராலயத்துக்குத் தானிய வரி பல நூற்றாண்டுகள் தண்டப்பட்டது. 1812-இல் காதிஸ் நகரில் கூடிய நாடாளுமன்றம் அவ்வரியை ஒழிக்கத் தீர்மானித்தது. வானிலிருந்து இறங்கிய வெண்குதிரை, ஏழை உழவனின் களத்துமேட்டில் வந்து நின்ற வரலாறு இது.

வாளால் மாண்டவரின் கையில் வாளைக் கொடுத்தது எத்தகைய தலைகீழ் மாற்றம்! அதன் விளைவு ஸ்பெயினோடு நிற்கவில்லை. அவருடைய பெயரே போர் முழக்கமாயிற்று. கடல் கடந்து அமெரிக்காவுக்குச் சென்ற படைகளோடு அவரும் சென்றார். மூர்களைக் கொன்றவராகச் சித்திரிக்கப்பட்டவர், அங்கே பூர்வ குடிகளைக் கொல்பவராகவும் சித்திரிக்கப்பட்டார்.

இந்நகரின் மணிகளைப் பற்றிய செய்தியும் நினைவுகூரத் தக்கது. 997-இல் கோர்தோபாவின் படைத்தலைவர் அல்மன்சூர் இந்நகரைத் தாக்கி, கோயிலை இடித்து, அதன் மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோள்களில் ஏற்றித் தம் நகருக்குக் கொண்டுசென்றார் என்பர். 1236-இல் கோர்தோபாவைக் கைப்பற்றிய மூன்றாம் பெர்னாந்து மன்னர், அதே மணிகளை இசுலாமியக் கைதிகளின் தோள்களில் ஏற்றித் திருப்பியனுப்பினாராம். மணிகள் மாறவில்லை; சுமந்த தோள்களே மாறின. இதனை வெற்றியென்று பாடிய புலவர்கள் இருந்திருக்கலாம். சுமந்தவர்களின் பக்கம் நின்று பார்ப்போருக்கு இரண்டும் ஒரே பயணமாகத்தான் தோன்றும்.

பேராலயத்தினுள் இப்போர்வீரரின் 18 ஆம் நூற்றாண்டுச் சிலையொன்று உண்டு. சிற்பி கம்பீனோவின் படைப்பு. மாட்ரிட் தொடர்வண்டிக் குண்டுவெடிப்பு நிகழ்ந்த 2004 ஆம் ஆண்டில், அச்சிலையை அங்கிருந்து அகற்றப்போவதாகப் பேராலய நிருவாகம் அறிவித்தது. எதிர்ப்பு எழவே அம்முடிவு கைவிடப்பட்டது. குதிரையின் காலடியில் வெட்டுண்டு கிடக்கும் உருவங்களை மலர்களால் மறைத்து வைக்கும் வழக்கமும் உண்டு. மறைத்தல் மனந்திரும்புதல் ஆகாது என்பது உண்மையே. எனினும், ஒரு திருச்சபை தன் பீடமொன்றைப் பார்த்து நாணத் தொடங்கிவிட்டது என்பதற்கு அம்மலர்கள் சான்று. அவற்றைப் பார்ப்பதும் போவதற்கு ஒரு காரணம் என்போம்.

இக்கேள்வி நமக்குத் தொலைவில் உள்ளதன்று. சந்தியாகோ என்னும் அதே பெயர்தான் போர்த்துக்கீசியர் வழியே வந்து நம் கடற்கரைகளில் சந்தியாகப்பர் ஆயிற்று. யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை பேதுருப்புலவர் 17 ஆம் நூற்றாண்டில் பாடிய அம்மானையில் அவர் சந்தியோகுமையோர் ஆகிறார். இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் வேர்க்காட்டுத் திருத்தலத்தில் அவருடைய திருவிழாவுக்கு இந்துக்களும் இசுலாமியரும் நம்மவரோடு கூடி வருகின்றனர். ஐரோப்பாவில் இசுலாமியருக்கு எதிராக வாளேந்தியவர், நம் மணற்கரையில் அவர்களும் வந்து வேண்டுகின்ற அப்பராக அமர்ந்திருக்கிறார். இறையியல் நூல் எதுவும் கற்பிக்காத இத்திருத்தத்தை நம் மீனவ மக்கள் தம் வாழ்வால் செய்துள்ளனர். கொம்போஸ்தேலாவின் மலர்கள் மறைக்க முயல்வதை, வேர்க்காட்டின் மக்கள் வெளிப்படையாகவே மாற்றிவிட்டனர். அதைக் காத்துக்கொள்ளும் கடமை நம்முடையது.

மகிமை வாசல்

நகரின் உண்மையான விளக்கம் பேராலயத்தின் மேற்கு வாயிலில் உள்ளது. 1075-இல் தொடங்கி 1211-இல் அர்ச்சிக்கப்பட்ட இக்கோயிலுக்கு மத்தேயோ என்னும் தலைமைச் சிற்பி அமைத்த மகிமை வாசல் அது. 1168-இல் மன்னர் இரண்டாம் பெர்னாந்து அவருக்கு ஊதியம் வகுத்தார். 1188 ஏப்ரல் 1 அன்று வாயிலின் மேற்கற்கள் பொருத்தப்பட்டன என்று அக்கற்களே சொல்கின்றன. ஏறத்தாழ இருநூறு உருவங்கள் அங்குள்ளன. பல்லாண்டுப் பணிக்குப் பின் 2018-இல் புதுப்பிப்பு நிறைவுற்றபோது, பழைய வண்ணங்கள் பல மீண்டும் ஒளி பெற்றன.

நடுவில் அமர்ந்துள்ள ஆண்டவர் தம் காயங்களைத் திறந்து காட்டுகிறார். சூழ நிற்கும் வானதூதர் பாடுகளின் கருவிகளை ஏந்தியுள்ளனர். மேல்வளைவில் திருவெளிப்பாட்டின் இருபத்துநான்கு மூப்பர்கள். அவர்கள் இன்னும் இசைக்கத் தொடங்கவில்லை. நரம்புகளை முறுக்கிச் சுருதி கூட்டியபடி, ஒருவரோடொருவர் உரையாடிக்கொண்டிருக்கின்றனர். நடு உச்சியில் இருவர் ஒரே கருவியைத் தம் மடிகளில் தாங்கியுள்ளனர். ஒருவர் சுழற்ற மற்றவர் விசைகளை இயக்கினாலன்றி ஒலிக்காத கருவி அது. விண்ணகத்தில்கூடத் தனியொருவனால் இசைக்க இயலாதது ஒன்று உண்டு என்பதைச் சிற்பி எவ்வளவு எளிமையாகச் சொல்லிவிட்டார்! தூணொன்றில் இளைஞர் தானியேல் புன்னகை செய்கிறார். இறைவாக்கினருக்கு உளி கொடுத்த அரிய புன்னகைகளுள் அது ஒன்று.

இனி யாக்கோபைக் காண்போம். வாயிலின் நடுத்தூணில், ஆண்டவரின் காலடியில் அவர் அமர்ந்திருக்கிறார். கையில் கோல், வாள் இல்லை, குதிரையும் இல்லை. ஆட்சியில் உமது வலப்பக்கமும் இடப்பக்கமும் அமரும் பேறு வேண்டுமென்று ஒருகாலத்தில் தம் சகோதரரோடு கேட்டவர் இவர். மத்தேயோ அவருக்கு இருக்கை கொடுத்துள்ளார். ஆனால் அது வலத்திலும் இல்லை, இடத்திலும் இல்லை. உள்ளே நுழைவோரை வரவேற்கும் வாசற்படியில் இருக்கிறது. தீ கேட்டவர் இங்கே அந்நியரை ஏற்கும் திண்ணைக்காரராக அமர்ந்திருக்கிறார். வழிகாட்டி எழுதியவர் காணத் தவறிய யாக்கோபை, அவருக்கு ஒரு தலைமுறை பிந்திய சிற்பி கண்டுகொண்டார்.

அவருக்குக் கீழே, ஈசாயின் மரம் செதுக்கப்பட்ட பளிங்குத் தூணில் ஐந்து விரல்கள் பதியும் குழிகள் உள்ளன. அவற்றை எந்த உளியும் செதுக்கவில்லை. வந்துசேர்ந்த களைப்பில் திருப்பயணிகள் தலைமுறை தலைமுறையாய்க் கை வைத்து ஊன்றியதால் கல் தேய்ந்தது. பாதுகாப்புக்காக அத்தூணைத் தொடுதல் இன்று தடுக்கப்பட்டுள்ளது. வாயிலைக் காணத் தனி நுழைவுச்சீட்டும் வேண்டும். கலையைக் காக்கும் நோக்கம் நியாயமானதே. ஆயினும், வரவேற்பதற்கென்று வைத்த வாயில் பார்ப்பதற்கென்று மட்டும் ஆகிவிட்டதைக் காணும்போது நெஞ்சு சற்றே கனக்கிறது. நகரில் இதற்கு இணையான மற்றொன்றும் உண்டு. 1499-இல் அரசி இசபெல்லாவும் மன்னர் பெர்னாந்தும் ஏழைத் திருப்பயணிகளுக்கென ஆணையிட்டு எழுப்பிய மருத்துவ விடுதி, 1954 முதல் செல்வர் தங்கும் உயர்தர விடுதியாக விளங்குகிறது.

பாதை

இக்காலத்தில் பலரை ஈர்ப்பது நகரைவிட அதற்குச் செல்லும் பாதையே. பிரான்சு எல்லையிலிருந்து ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நடை அது. 1986-இல் வந்துசேர்ந்ததாகப் பதிவு செய்துகொண்டவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. 2023-இல் அவர்கள் நான்கு லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டினர். திருத்தந்தை இரண்டாம் ஜான் பவுல் 1982-இலும் 1989-இலும் அங்குச் சென்றதும், 1987-இல் ஐரோப்பிய மன்றம் அதனைப் பண்பாட்டுப் பாதையாக அறிவித்ததும் இவ்வளர்ச்சிக்குத் துணைநின்றன.

ஆனால் ஐரோப்பிய மன்றத்தின் அறிவிப்புக்கு முன்னரே, ஓ செப்ரெய்ரோ மலையூரின் பங்குக் குரு எலியாஸ் வலீனா, 1984-இல் மஞ்சள் வண்ணத்தை எடுத்துக்கொண்டு, பாதை பிரியும் இடங்களிலெல்லாம் அம்புக்குறிகள் வரையத் தொடங்கினார். அந்தக் குறிகள் எவருடைய மொழியையும் மதத்தையும் கேட்பதில்லை. தன் ஊராரைத் தவிர மற்றவரை இகழ்ந்த பழைய கையேட்டின் அருகில் இதனை வைத்துப் பார்த்தால், எது சிறந்த வழிகாட்டி என்பது விளங்கும். ஒரு சொல்லும் எழுதாமல் ஒரு பங்குக் குரு அதனை எழுதிவிட்டார்.

குறைகளும் இல்லாமல் இல்லை. கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலும் சான்றிதழ் கிடைக்கும் என்பதால், அத்தொலைவை மட்டும் விரைந்து முடித்துத் தாளை வாங்கிச் செல்வோர் பலர். பேராலயத்தின் புகழ்பெற்ற தூபக்கலசம் 53 கிலோ எடையுள்ளது. எட்டுப் பேர் கயிற்றை இழுக்க, குறுக்குக் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விண்ணில் பாய்வது போல் அது ஊசலாடும். அப்போது கைதட்டலும் நிழற்படக் கருவிகளும் எழுவதுண்டு. மன்றாட்டாக மேலே போகவேண்டிய புகை காட்சிப்பொருளாகும் ஆபத்து எல்லாத் திருத்தலங்களுக்கும் பொதுவானது. நம் தேர்த்திருவிழாக்களும் இதற்கு விலக்கல்ல.

எனவே, கொம்போஸ்தேலாவுக்குப் போகலாமா? வாய்ப்பும் வசதியும் உள்ளோர் போகலாம். ஜூலை 25 ஆம் நாள் ஞாயிறாக அமையும் ஆண்டு அங்குப் புனித ஆண்டாகும். அடுத்தது 2027-இல் வருகிறது. போவோர் கல்லறையின் முன் செபிக்கட்டும். வாயிலை நிமிர்ந்து நோக்கட்டும். மலர்களுக்கு அடியில் என்ன இருக்கிறதென்பதையும் அறிந்து வரட்டும். ஒரே நகரில், ஒரே திருத்தூதரின் பெயரால், நற்செய்தி எவ்வாறு திரிக்கப்பட்டது என்பதையும், எவ்வாறு காக்கப்பட்டது என்பதையும் அருகருகே வைத்துக் காட்டும் இடங்கள் உலகில் மிகச் சில.

போக இயலாதோர் வருந்த வேண்டியதில்லை. யாக்கோபு ஆண்டவரிடம் கற்ற பாடம் கலீசியாவில் நடந்ததன்று; ஒரு சமாரிய ஊரின் எல்லையில் நடந்தது. கதவு அடைத்தவன்மீது தீயை வேண்டாமல் அடுத்த ஊருக்கு நடக்கக் கற்பதும், நம் கதவைத் தட்டும் அந்நியனுக்கு அதைத் திறப்பதுமே அப்பாடம். அதற்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. நம் தெருவிலேயே அந்தப் பயணம் தொடங்கலாம்.